கிராம்பு போட்ட மை

என் புருஷன் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறார் என்பதை எங்கள் தெருவில் முதலில் ஒருத்தியும் நம்பவில்லை. மதுரைக் காஜிமார் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபுர் போனவர்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போனவர்கள் கடிதம் போட்டால் பெற்றவளுக்குப் போடுவார்கள். கடைசி வரியில், தாளில் இடம் மிஞ்சியிருந்தால், பெண்டாட்டிக்கு ஒரு ஸலாம் வரும். பெண்டாட்டி பெயரை மேலே போட்டுக் கடிதம் எழுதுகிறவனை அவன் சேக்காளிகளே சும்மா விடமாட்டார்கள். என் மச்சான் முகைதீன் பிச்சை எழுதினார். "என் கண்ணான ஆரிபாவுக்கு" என்றே ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

கல்யாணமாகி நாலாவது மாதம் அவர் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு கிராம்புக் கிட்டங்கியில் வேலை. முதல் ஒன்றரை வருஷம் ஊர் வழக்கப்படி மாமிக்குத்தான் கடிதம். மாமி அஜ்மல் பீவிக்கு எழுத்து வாசனை கிடையாது. நாத்தனார் சைனப் படித்துச் சொல்வாள். மாமி உடனே கடிதத்தை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். அவர் எழுத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பிறகு ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த வருஷம் நோன்பு மாதம் முழுக்க, நோன்பு திறக்கக்கூட மனமில்லாமல் அழுதுகொண்டு கிடந்தேன். பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு எனக்கே எனக்கென்று முதல் கடிதம் வந்தது. பினாங்கிலிருந்து வந்த ஓர் ஆள் கொண்டுவந்ததாகச் சொல்லிச் சைனப் நீட்டினாள். தாளைப் பிரித்ததும் கிராம்பு வாசம் அடித்தது.

அதை நான் முகர்ந்து பார்த்த அழகை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நாளெல்லாம் கிராம்பு அள்ளுகிற கை எழுதிய தாள் வேறெப்படி மணக்கும்? மூன்றரை வருஷத்தில் அப்படி ஆள் கையில் வந்தது இருபத்திரண்டு கடிதம். எல்லாம் கத்திரிப்பூ நிற மை, எல்லாவற்றிலும் அந்த வாசம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.

சைனப்புக்கு என் வயதுதான். கல்யாணமான மறு வருஷமே புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்துவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்தவள். இருவருக்கும் ஒரே அறை. அவளுக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் முறை. பெண்பிள்ளைக்கு ஓதவும் படிக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதவும் தெரிந்துவிட்டால் எவனுக்காவது சீட்டு எழுதிவிடுவாள் என்று அந்த மட்டோடு நிறுத்திவிடுவார்கள். மேலூரில் என்னைப் பெற்ற அத்தா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதால் எனக்கு இரண்டும் வரும். நான் எழுதும் பதிலைச் சைனப்தான் கொண்டுபோய், கப்பலேறப் போகிறவர்கள் வீட்டில் சேர்த்துவிட்டு வருவாள்.

மச்சானுக்கு என் மனசு அப்படியே தெரிந்தது. கனகாம்பரக் கலரில் ஒரு சேலை கட்டிப் பார்க்கவேண்டும் என்று சைனப்பிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். அடுத்த கடிதத்தில், "உன் நிறத்துக்குக் கனகாம்பரக் கலர் எடுப்பாக இருக்கும்" என்று எழுதியிருப்பார். நான் அதை அவளுக்கே படித்துக் காட்டுவேன். "ஒங்கண்ணனுக்கு என் மனசு தெரிஞ்ச மாதிரி பக்கத்துல படுத்திருக்குற ஒனக்குக்கூடத் தெரியாதுடி" என்பேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பொறாமை என்று நினைத்தேன்.

இந்தக் கடிதங்களை நம்பி நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அத்தா மேலூரிலிருந்து வந்தார். "மூணு வருசமா மொகத்தக் காட்டாதவன் இனிமே வருவான்னு எனக்குத் தோணலம்மா. வீட்டுக்கு வா. ஜமாத்துல பேசி விடுதலை வாங்கிருவோம். ஒனக்கு வயசு இருபதுதான் ஆகுது" என்றார். நான் கடிதக் கட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டேன். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்துருவேன்னு எழுதிருக்காக அத்தா, படிச்சுப் பாருங்க" என்றேன். அவர் ஒன்றே ஒன்றைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிப் போனார். அந்தப் பெருநாள் வந்து போயிற்று. முதலாளி விடவில்லை என்று கடிதம் வந்தது. அதையும் நம்பினேன். போன வருஷம் அத்தா மவுத்தாகிவிட்டார்.

இனிப் பேனா விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப் பேனா. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் தாளைக் குத்திக் கிழிக்கும். ஊற்றுப் பேனா ஒன்று இருந்தால் மனசில் இருப்பதை நிறுத்தாமல் எழுதலாமே என்று சைனப்பிடம் புலம்பினேன். அடுத்த கடிதத்திலேயே, "நல்ல பேனாவாக ஒன்று வாங்கிக்கொள். நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்" என்று வந்துவிட்டது. நான் படித்துக் காட்டியதும் மாமி பச்சை மிளகாயைக் கடித்தவள் மாதிரி சைனப்பை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அவனே எழுதிட்டான்னா நான் என்னத்தச் சொல்ல? வாங்கிக்க" என்றாள்.

"நான் ஆள் விட்டு வாங்கித் தாரேன் மச்சி, நீ எதுக்கு அலையிற?" என்றாள் சைனப்.

"பேனா என் கைக்குத் தோதா இருக்க வேணாமா? மையும் நானே பாக்கணும். அவுக எழுதுற அதே கலர் வேணும். நாளைக்கு அவுக வந்தப்புறம் ரெண்டு பேரு கடுதாசியவும் சேத்து வச்சா ஒண்ணுபோல இருக்கணும்டி."

இப்படியெல்லாம் பேசியிருக்கிறேன் நான், வெட்கமில்லாமல். கடைசிக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இருவரும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினோம்.

சைனப் என்னை நேராக டவுன் ஹால் ரோட்டுப் பெரிய கடைக்கு அழைத்துப்போனாள். அங்கே இங்கிலீஷ் பேனாக்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நவாப் மாதிரி படுத்திருந்தன. இருப்பதிலேயே மட்டமானது எட்டு ரூபாய் என்றார்கள். வந்த வழியே திரும்பினோம். மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை தெரிந்தது. 'ஜப்பான் பேனாக்கள், மை வகைகள்' என்று பலகை.

"எனக்குக் கால் கடுக்குது மச்சி. இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்றாள் சைனப். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பட்டாபிராமன் கதர் ஜிப்பா போட்டிருந்தார். "கதரப் போட்டுக்கிட்டு ஜப்பான் பேனா விக்கிறீகளே?" என்றேன்.

"கதர் எனக்கு, பேனா உங்களுக்கு" என்று சிரித்துவிட்டு மூன்று பேனாக்களை எடுத்துப் பரப்பினார். "இது கண்ணாடி முள்ளு. பார்க்க லட்சணமா இருக்கும், கீழே விழுந்தா அன்னிக்கே போச்சு. இது உள்ளே ரப்பர் பை வெச்சது. தானே மையை உறிஞ்சிக்கும். ஆனா நம்மூர் வெயிலுக்கு ரப்பர் ரெண்டு கோடை தாங்காது. இது குழாயாலே மை ஊத்திக்கறது. பகட்டு கிடையாது, உழைக்கும். பதினாலணா. இதை எடுத்துக்கோங்கோ."

கருப்புப் பேனா. கையில் பிடித்ததும் விரலுக்குள் அடங்கியது. எனக்குப் பிடித்துவிட்டது. இடுப்பிலிருந்து தாள் துண்டை எடுத்து நீட்டினேன். "இதே கலர்ல மை வேணும். இது பினாங்கு மை. இங்க கெடைக்குமா?"

அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பினாங்காவது! இது என் மைன்னா? ஊதா மாத்திரை ரெண்டு, நீல மாத்திரை ஒண்ணு கரைச்சு நானே கலக்கறது. பூஞ்சை பிடிக்காம இருக்க பாட்டிலுக்கு ரெண்டு கிராம்பு போடுவேன். மதுரையிலே வேற ஒருத்தரும் இப்படிப் போடறதில்லை." சொல்லிக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

மூன்றரை வருஷமாக என் தலையணைக்கு அடியில் இருந்த வாசம் அந்தப் பாட்டிலிலிருந்து வந்தது. அடியில் இரண்டு கிராம்பு ஊறிக் கிடந்தன.

"யாராச்சும் வாங்கிக் கப்பல்ல கொண்டுபோயிருப்பாக" என்றேன்.

"என் மை தெப்பக்குளத்தைத் தாண்டினதில்லையேம்மா. வழக்கமா வாங்கறவா நாலு பேர். அதிலே ஒருத்தர் இதோ உங்க பக்கத்திலேயே நிக்கறாரே" என்றார் அவர், சைனப்பைப் பார்த்து. "முகம் தெரியாட்டா என்ன? துப்பட்டி ஓரத்திலே பச்சை நூல் தையல் இருக்கே. போன மாசம்கூட நிப்பை எழுதிப் பார்த்துத்தானே வாங்கிண்டு போனேள்? முத்து முத்தா எழுத்து!"

அந்தப் பச்சைத் தையல் நான் போட்டது. கொடிக் கம்பியில் மாட்டிக் கிழிந்த துப்பட்டியைப் போன வருஷம் நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன்.

நான் சைனப் பக்கம் திரும்பினேன். அவள் பச்சைத் தையல் இருந்த ஓரத்தைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். சேலை, பெருநாள், பேனா எல்லாம் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து இறங்கின. என் மனசை அறிந்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் இல்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள்தான் நான் சொன்னதையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறாள்.

"இந்த மையே கொடுத்துடட்டுமா?" என்றார் பட்டாபிராமன்.

"வேணாம். ரிஜிஸ்தர் கச்சேரியில பத்திரம் எழுதுவாகளே, தண்ணி பட்டாலும் அழியாத கறுநீல மை, அதக் குடுங்க."

"அது இந்தப் பேனாவுக்கு ஆகாதும்மா. ஜப்பான் முள்ளு மேலே வெறும் பூச்சுதான். அந்த மை அரிச்சுடும். ஆறு மாசம் வராது."

"ஒரு கடுதாசிதான் எழுதணும்" என்றேன்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசல் கதவைச் சாத்திவிட்டு, மாமியிடம் பெட்டிச் சாவியைக் கேட்டேன். மாமி சைனப் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டு முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். பெட்டியில் என் பதில்கள் இருபத்திரண்டும் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றுக்கு அடியில், ஒன்றும் வரவில்லை என்ற அந்த ஆறு மாதத்தில் மாமிக்கு மகன் எழுதிய கடைசிக் கடிதம். கோணல்மாணலான எழுத்து. பினாங்கிலேயே நிக்காஹ் செய்துகொண்டதாகவும், பிள்ளை பிறக்கப்போவதாகவும், தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில் எனக்கு ஸலாம் சொல்லியிருந்தார்!

"ஊரு சிரிக்குமேன்னு பயந்தேன்த்தா" என்றாள் மாமி. "நீயும் போயிட்டா இந்த வீட்டுல ரெண்டு விதவையும் நாலு செவருந்தான்."

சைனப் என் காலருகே உட்கார்ந்தாள். "நீ அன்னந்தண்ணி இல்லாமக் கெடந்தியே மச்சி. ஒரே ஒரு கடுதாசி எழுதி ஒன்னச் சாப்பிட வச்சிருவோம்னுதான் எழுதுனேன். செத்துப்போன என் மாப்பிள்ள எனக்கு ஒளிச்சு வச்சு எழுதச் சொல்லிக்குடுத்தாக. யாருக்கும் தெரியாது. நீ அதப் படிச்சிட்டுச் சிரிச்ச. அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது?"

"என் அத்தா வந்தாகளே, அன்னைக்கு நிறுத்தியிருக்கலாம்ல?" என்றேன். என் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "அடுப்படியில நின்னு நீதானேடி அவுகளுக்குத் தேத்தண்ணி ஆத்துன? அவுக கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போனத நீதானே பாத்த? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவுக கூடப் போயிருப்பேனே! எங்கத்தா உசுரோட இருக்கையில போயிருப்பேனே!"

எனக்குத் துரோகம் செய்தவள் என் விரோதியாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

புதுப் பேனாவில் கறுநீல மையை ஊற்றினேன். ஒரு தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"எழுது" என்றேன். "இம்புட்டு நாளும் அவுக பேரச் சொல்லி எனக்கு எழுதுன. இன்னைக்கு என் பேரச் சொல்லி அவுகளுக்கு எழுது. விலாசம் பெட்டியில இருக்கு. தலாக் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லு, மேலூர்ல எங்கண்ணன் வீட்டுக்கு."

அவள் மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள். பேனா நன்றாகத்தான் ஓடியது. பட்டாபிராமன் பொய் சொல்லவில்லை. நான் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே முதல் வரி முடிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன்.

"என் கண்ணான ஆரிபாவுக்கு" என்று எழுதியிருந்தாள்.

மூன்றரை வருஷம் பழகிய கை. அவளும் அப்போதுதான் அதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். முகைதீன் பிச்சையோடு நான் வாழ்ந்தது நாலு மாதம். முகம்கூட மங்கிவிட்டது. அவர் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இந்த வரியைப் பார்த்ததும்தான் வந்தது. என்னை இப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளை நான் மன்னிக்கப்போவதில்லை.

"அத அடிச்சிட்டு எழுது" என்றேன்.