வடமேற்கு மூலையில் ஒரு சிவப்புத் திட்டு

எங்கள் வானிலை ராடார் திரையில், வடமேற்கு மூலையில் எப்போதும் ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். அது மழை இல்லை, மலை. ராடார் அலை மலையில் மோதித் திரும்பி, கனமழை மாதிரி பாவனை காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் அதைப் பார்த்துப் பதறிப்போய் எச்சரிக்கை எழுதிவிட்டேன். அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. "மலை நனைஞ்சிடப் போகுது, யாராவது குடை கொண்டு போங்கப்பா" என்றார் மேலாளர். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'குடை'. இருபத்தோரு வருஷமாகியும் அந்தப் பெயர் ஒழியவில்லை. அதற்குப் பிறகு அந்த மூலையை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மலைக்கு இந்தப் பக்கம் என் தங்கையும் மாப்பிள்ளையும் திராட்சை போட்டிருந்தார்கள். மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த கொடிகள், முதல் காய்ப்பு. ஆலங்கட்டிக்குப் பயந்து பந்தலுக்கு மேல் வலை கட்டியிருந்தார்கள். காய்க் கனத்தில் கம்பிகள் தொய்ந்துவிட, அவற்றை இழுத்துக் கட்டுவதற்காக அன்று காலை வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். திரும்ப விரிக்க இரண்டு பேருக்கு இருபது நிமிடம் பிடிக்கும்.

மதியம் மூன்று மணிக்கு அவள் ஃபோன் செய்தாள்.

"அண்ணா, மலைப் பக்கம் வானம் ஒரு மாதிரி கறுத்துக் கிடக்கு. கம்பி வேலை இன்னும் பாதி பாக்கி. வலைய விரிச்சிடவா, இல்ல வேலைய முடிச்சிடவா?"

திரையைப் பார்த்தேன். திட்டு அதன் இடத்தில் இருந்தது. கொஞ்சம் பருத்த மாதிரியும் இருந்தது. ராடாரின் பார்வையை ஒரு படி மேலே தூக்கினால் போதும்: மலை என்றால் திட்டு மறைந்துவிடும், மேகம் என்றால் அங்கேயே நிற்கும். ஒரு பொத்தான், அரை நிமிட வேலை. ஆனால் எனக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'என்ன குடை, மறுபடியும் மலையா?' என்று கேட்டுவிடுவார்களே என்று கை கூசியது. நாற்பத்தைந்து வயசுக்காரனுக்கு எதில் வெட்கம் பாருங்கள்.

"அது மலைம்மா. தூறல்கூட வராது. சும்மா பயந்து சாகாம வேலையப் பாரு."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள்.

மூன்றரைக்கு ஆலங்கட்டி அடித்தது. எட்டே நிமிடம்தான்.

மறுநாள் காலை போனேன். பந்தலில் ஓர் இலை முழுதாக இல்லை. காய்கள் வெடித்துச் சேற்றில் கிடந்தன. கொடிகளின் பட்டைகூட உரிந்திருந்ததால் அடுத்த வருஷக் காய்ப்பும் போனது. கொட்டகைக் கூரை சல்லடை. கட்டி விழ விழ வலையை இழுக்க ஓடிய மாப்பிள்ளைக்கு மண்டையில் மூன்று தையல். "வாங்க மச்சான்" என்று அந்தக் கட்டோடு எழுந்து நாற்காலி போட்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

தங்கை சமையலறையில் இருந்தாள். ஃப்ரீஸரில் எடுத்து வைத்திருந்த ஒரு கட்டியைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து என் முன்னால் வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவு. உள்ளே வெங்காயம் மாதிரி வளையங்கள்.

"இது எப்படிண்ணா உருவாகுது?"

"மேகத்துக்குள்ள காத்து மேல மேல தூக்கும். முதல்ல சின்னப் பனிக்கட்டித் துணுக்குதான். அங்க இருக்குற குளுந்த தண்ணி அதுமேல பட்டுப் பட்டு உறையும். அப்படித்தான் அடுக்கடுக்கா வளரும். காத்தால தாங்க முடியாத கனம் வந்ததும் விழுந்துடும்."

"இவ்வளவு பெருசாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"மேகம் கட்டி, இது வளந்து விழ அரை மணிக்கு மேலகூட ஆகும்."

"அப்ப நான் ஃபோன் பண்ணப்பவே மேல இருந்திருக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "மேகம் இருந்துச்சும்மா. திரையிலயும் தெரிஞ்சுது. நான்தான் சரியா பாக்கல. சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் அப்பவே ஏணியில ஏறிட்டாருண்ணா, சுருட்டுன வலைய அவுத்து விரிக்க. 'எங்க அண்ணனே சொல்லிட்டாரு, இறங்குங்க'ன்னு நான்தான் இறக்கிவிட்டேன்."