கோணாமலையின் காது

"பெட்டியச் சரியாப் பிடிச்சுத் தூக்குங்கடா, துருத்தி கிழிஞ்சிரும்!" வினாயகமூர்த்தி கத்திக்கொண்டு நின்றான். செத்துப்போன அண்ணனைச் சுற்றிச் சனம் இருக்க இடம் வேண்டும். கடையும் முன்கூடமும் ஒன்றாகிப்போன வீட்டில் இடத்துக்கு எங்கே போவது? ஆர்மோனியப் பெட்டிகளும் தோல் போர்த்தாத மத்தளக் கட்டைகளும் ஆணியில் தொங்கிய உடுக்குகளும் ஒவ்வொன்றாகப் பின்விறாந்தைக்குப் போயின. தூக்கியவனின் விரல் பட்டு ஒரு ஆர்மோனியம் நீளமாக முனகியது. "செத்த வீட்டில இதென்ன கூத்து?" என்று மூலையில் இருந்த அயல்வீட்டு ஆச்சிப்பிள்ளை சீறினாள்.

அன்னப்பூரணி புருஷன் கோணாமலையின் தலைமாட்டில் இருந்தாள். முனகிய ஆர்மோனியக் கட்டையில் சுதி சற்று இறங்கியிருக்கிறது என்று அவள் மனம் தன்பாட்டில் குறித்துக்கொண்டது. சீ, என்ன மனம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நேற்று மத்தியானம், ஊரெல்லாம் உண்டு களைத்துச் சரிந்திருந்த நேரம், கோணாமலை புதுத்தோல் போர்த்திய உடுக்கொன்றை வெயிலில் வைக்கவென்று தெருவைக் கடந்தார். முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடிப் பக்கமிருந்து வந்த அரிசி லொறி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலையே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? கோணாமலையின் காது எப்படிப்பட்டதென்று நாவற்குடாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் அடிக்கிற மத்தளத்தின் குறையை இந்தக் கரையில் இருந்தே பிடித்துவிடுவாராம். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் ஒரு காலத்தில் அது முழுப்பொய்யும் இல்லை. அப்படிப்பட்ட மனிசனுக்கு லொறி ஹோன் கேட்காமற் போகுமா? ஆகவே இரண்டில் ஒன்று. ஹோன் அடிக்கவேயில்லை, காத்தான்குடிக்காரன் வேண்டுமென்றுதான் ஏற்றினான். இது தம்பி வினாயகமூர்த்தியின் கட்சி, இளந்தாரிகளும் அந்தக் கட்சிதான். அல்லது ஹோன் அடித்தான், கோணாமலைதான் வேண்டுமென்று போய் விழுந்தார். இது பெண்களின் கட்சி. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, மனதுக்குள் என்ன இருந்ததோ, இவள் என்ன சொல்லித் தொலைத்தாளோ. இதையெல்லாம் அன்னப்பூரணிக்குப் பின்னால் இருந்துகொண்டே குசுகுசுத்தார்கள். அவளுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது.

லொறிக்காரனைப் பொலிசில் வைத்திருந்தார்கள். வினாயகமூர்த்தி காலையிலேயே போய், ஹோன் சத்தமே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் நேற்று அந்த நேரம் கல்லடியில் தன் வீட்டில் கிடந்தவன். ஆனாலும் அண்ணனின் காதை அவனுக்குத் தெரியுமாம், அது போதுமாம். இயக்கப் பொடியன்கள் காதுக்கு இந்தக் கதை போனால் லொறியோடு நிற்காது என்று வாசலில் சிலர் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஒரு காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தோன்றக்கூடாதென்றுதானே புருஷனும் பெண்சாதியும் இவ்வளவு காலம் பாடுபட்டார்கள்.

அந்தக் கடை அன்னப்பூரணியின் தகப்பன் சீனித்தம்பி வைத்தது. கோயில் உடுக்குகளுக்குத் தோல் கட்டித் தொடங்கி, கூத்து மத்தளம், ஆர்மோனியம், பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர்மாரின் வயலின் என்று வளர்ந்த கடை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் கடையும் மகளுக்குச் சீதனமாக வந்தன. கடைக்கு மாப்பிள்ளையாகக் கோணாமலை உன்னிச்சையிலிருந்து வந்தார். மாமனார் மருமகனைப் பக்கத்தில் இருத்தித் தொழில் பழக்கினார். மகள் அடுப்படியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே பழகினாள். அவளை யாரும் பழக்கவில்லை, காது இருந்தது, கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் ஒரு பீரங்கிச் செல் விழுந்தது. கோணாமலைக்குக் கீறல்கூட இல்லை, அம்மாள் காப்பாற்றினாள் என்றார்கள். கொஞ்ச நாள் காதுக்குள் ஒரே இரைச்சல் என்றார். பிறகு அந்த இரைச்சலும் இல்லை என்றார். அன்று ராவு அவர் அழுதது போல ஒரு ஆம்பிளை அழுது அவள் பார்த்ததில்லை. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத, அன்னம். செவிட்டுக் கோணாமலையிட்ட ஆரு மத்தளம் தருவான்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லியும் என்ன, அவளிடம் தருவார்களா? கோயில் உடுக்கில் பெண்கை பட்டதென்று தெரிந்தால் ஊர் என்ன கூத்தாடும் என்பது அவளுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து காது அவளுடையது, பெயர் அவருடையது. அவர் தோலை வெட்டி, வார் பிடித்து இழுத்துக் கட்டுவார். அந்தக் கைக்குக் குறையில்லை. சுதி சேர்ப்பதை அவள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள். வேலைக்கும் பஞ்சமில்லை. வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து துறை கடந்து வரும் மத்தளங்களை ஆமிச் சென்ட்ரியில் தட்டிப் பார்த்துவிட்டு விடமாட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று தோலைக் கீறியே பார்ப்பார்கள். யுத்தத்தால் பிழைத்த கடை நம்முடையது என்று கோணாமலை பகிடி விடுவார். அவர் பெரிய பகிடிக்காரராக ஆனதே காது போன பிறகுதான். ஓயாமல் பேசினால் மற்றவன் பேச இடமிராது, பேசாதவனுக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை. வாயாடிக் கோணாமலை என்று ஊர் செல்லமாகச் சொன்னது.

நேற்று அந்த ஹோனை அவள் கேட்டாள். விடாமல், நீளமாக, அழுகிற மாதிரி அடித்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வாசலில் நின்று, "இஞ்சாருங்க! இஞ்சாருங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கேட்காத மனிசனைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடியிருந்தால் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பற்றி எரிந்தது.

வாசலில் திடீரென்று சத்தம் அடங்கியது. வெள்ளை முக்காடு போட்ட வயதான பெண்ணொருத்தி கடப்படியில் தனியாக நின்றாள். முன்பெல்லாம் காத்தான்குடியிலிருந்து தோல் கொண்டு இந்த வாசலுக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். தொண்ணூறில் இரண்டு பக்கமும் இரத்தம் சிந்திய பிறகு வந்தவள் இவள்தான்.

"நான் ஹவ்வா உம்மா. லொறி ஓட்டின கச்சி முகம்மது என்ட மகன்," என்றாள். கால் பின்வாங்கவில்லை. "நான் சண்டைக்கு வரல்ல. ஊட்டுக்காரிட்ட ஒரு சொல்லு கேட்டுட்டுப் போறன்."

"ஒரு சொல்லும் கேக்கத் தேவல்ல. வெளிய போங்க!" வினாயகமூர்த்தி பாய்ந்தான்.

"அவவ விடுங்க, தம்பி," என்றாள் அன்னப்பூரணி. காலையிலிருந்து அவள் பேசிய முதற் பேச்சு அதுதான்.

ஹவ்வா உம்மா விறாந்தையோரம் வந்து நின்றாள். "'ஹோன் அடிச்ச, அடிச்ச, அந்த மனிசன் திரும்பியே பாக்கல்ல உம்மா' எண்டு அழுறான் புள்ள. பிறேக்கும் புடிச்சானாம். அல்லாட மேல ஆணையாச் சொல்றான். ஆரும் நம்புறாங்க இல்ல. ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அன்னப்பூரணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத்துணி அந்தக் காதுகள் இரண்டையும் மூடியிருந்தது. கெஞ்சிக் கேட்டவர் இதோ கிடக்கிறார். வாயைத் திறந்தால் அவர் பெயர் போகும், திறக்காவிட்டால் ஒருத்தியின் பிள்ளை போவான். என்னை இப்படி மாட்டிவிட்டுப் போயிட்டீங்களே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"ஹோன் அடிச்சவர்," என்றாள். "எனக்குக் கேட்டது."

"அப்ப அண்ணன் ஏன் ஒதுங்கல்ல?"

"உங்கட அண்ணனுக்குக் காது கேக்காது, தம்பி. அந்தச் செல் விழுந்த நாள் தொட்டுக் கேக்காது."

ஒரு இளந்தாரி சிரித்தேவிட்டான். பெண்கள் பக்கம், "ஐயோ பாவம், புத்தி பேதலிச்சிட்டு," என்றார்கள். வினாயகமூர்த்திக்கு முகம் கறுத்தது. "செத்த மனிசன அவமானப்படுத்தாதீங்க மச்சாள். அண்ணன் எங்களோட கதைக்கல்லையா?"

"வாயப் பாத்து விளங்குவார். விளங்காட்டி என்னப் பாப்பார். எங்களுக்குள்ள சத்தமே தேவல்ல, நான் உதட்ட மட்டும் அசைச்சாப் போதும்."

கரடியனாற்றில் கூத்துப் பழக்கும் நல்லரத்தினம் அண்ணாவியார் கூட்டத்தில் இருந்து எழும்பினார். சாவு தெரியாமல், திருத்தக் கொடுத்த மத்தளத்தை வாங்கவென்று வந்து அகப்பட்டுக்கொண்டவர். "பிள்ள, என்ட மத்தளத்த ஒவ்வொரு தரமும் கோணாமலைதான் என்ட கண்ணுக்கு முன்னால தட்டிப் பாத்துத் தந்தது. கண்ண மூடிக்கொண்டு கேப்பாரே?"

"கேக்கிற மாதிரி இருப்பார், அண்ணாவியார். நான் உள்ளுக்கு முதலே சேத்து வச்சிருப்பன்."

அண்ணாவியார் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. மனிசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அன்னப்பூரணி எழுந்து பின்விறாந்தைக்குப் போனாள். அண்ணாவியாரின் மத்தளம் தோல் கட்டியபடி, சுதி சேர்க்காமல் கிடந்தது. அதையும் மரச்சுத்தியலையும் எடுத்துவந்து பிரேதத்துக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். "செத்த வீட்டுக்குள்ளயா? இதென்னகா அநியாயம்!" என்று ஆச்சிப்பிள்ளை வாயில் அடித்துக்கொண்டாள். யாரோ பிடித்து இருத்தினார்கள்.

மடியில் சாய்த்து ஒரு தட்டு. காதைத் தோலுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். விளிம்பில் சுத்தியலால் மெல்லப் போட்டாள், திருப்பினாள், மறுபடி தட்டினாள். சத்தம் மெதுமெதுவாகத் தெளிந்து வந்தது. இத்தனை சனத்துக்கு நடுவில், கதவு சாத்தாமல், இந்த வேலையை அவள் செய்வது இதுவே முதல் தடவை. அதில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது, அந்தச் சந்தோஷத்தை அவள் வெறுத்தாள்.

மத்தளத்தை அண்ணாவியாரிடம் நீட்டினாள். அவர் வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார், இடப்பக்கம் ஒன்று. கண் கலங்கிப்போயிருந்தது.

"இதுதான் இவ்வளவு காலமும் நான் வாசிச்ச சுதி," என்றார். "வினாயகமூர்த்தி, நீ பொலிசில சொன்னத நீயே போய் மாத்திச் சொல்லு. சுடலையில இருந்து நேர போ."

வினாயகமூர்த்தி அண்ணனின் காலடியில் குந்தி, "என்னட்டயும் சொல்லல்லையே, என்னட்டயும் சொல்லல்லையே," என்று குழந்தை போல அழுதான். கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் மட்டும் பின்விறாந்தைக்குப் போய், கோயில் உடுக்கைத் தேடியெடுத்துச் சால்வையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அன்னப்பூரணி அதைப் பார்த்தாள். இனி அந்த உடுக்கு இந்த வீட்டுக்கு வராது.

பொழுது சாய முன் சுடலைக்குப் போய்த் திரும்ப வேண்டும், ஆமிக்காரர் ரோட்டை மூடிவிடுவார்கள். அவசரம் அவசரமாகத் தூக்கினார்கள். பறைமேளம் தெருவோடு தூரத் தூரப் போய்த் தேய்ந்தது. பெண்கள் கிணற்றடியில் முழுகிவிட்டு ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். ஆச்சிப்பிள்ளை போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஹவ்வா உம்மா மட்டும் விறாந்தையில் இருந்தாள். பொலிசுக்குப் போனவர்கள் வந்து ஒரு பதில் சொல்லும் வரைக்கும் அவள் வீட்டுக்குப் போகமாட்டாள். அன்னப்பூரணி ஈரத்தலையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில், கூட்டிக் கழுவிய வெறுங்கூடத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"அவருக்குக் கேக்காதெண்டு ஒங்களுக்கு மட்டுந்தானா புள்ள தெரியும்?"

அன்னப்பூரணி தலையாட்டினாள்.

"அப்ப இவ்வளவு காலமும் ஆரோட புள்ள வாய்விட்டுக் கதைச்ச?"

அன்னப்பூரணி பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். அந்த வீட்டில் நாங்கள் எப்படிக் கதைத்தோம், அவர் என்ன பகிடி விடுவார், என்னத்துக்குக் கோபிப்பார் என்று இடையிடையே கையையும் அசைத்துச் சொன்னாள். ஹவ்வா உம்மா அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டக் குனிந்து, அவள் முழங்காலில் கைவைத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க புள்ள," என்றாள். "எனக்குக் கேக்கல்ல."