நாலு தட்டு இடைவெளி

கைப்பிடி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றபோது, தண்ணீர் கேன் ஏற்றிப்போகிற வேன் ஒன்றிலிருந்து என் குரல் என்னையே கேட்டது. "எங்கடி போன?" அதன் பின்னால் என் தையல் மெஷின் தடதடவென்று ஓடியது. பிறகு மறுபடியும், "எங்கடி போன?" டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் இரண்டு பேர் தோளை மட்டும் குலுக்கி ஆடினார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பள்ளிக்கூடப் பைகளுக்கான கைப்பிடி இருநூறைச் சுமந்துகொண்டு தங்கள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செல்ஃபி எடுத்திருப்பார்கள்.

எல்லாம் என் கொழுந்தன் பார்த்த வேலை. டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். கையில் கிடைத்த எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டான் என்பதால் தெருவில் அவனுக்கு டப்பா என்றே பெயர். எங்கள் சமையலறைக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, கிழிந்த ஸ்பீக்கர் இரண்டு, சுவரெல்லாம் அட்டை. அதுதான் அவன் ஸ்டுடியோ. அங்கே அவன் செய்கிற பாட்டில் பாடுகிறவர் யாரும் இல்லை. லாரி பின்னால் எடுக்கிற சத்தம், கடை ஷட்டர் இறங்குகிற சத்தம், எங்கேயோ யாரோ போடுகிற சண்டை, அடியில் வயிற்றைக் கலக்குகிற ஒரு தாளம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி நிறுத்துகிற மைதானம் காலியாக இருக்கும். எங்கள் தெருவும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவும் அங்கே கூடிப் புழுதி பறக்க ஆடும். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவன் சொன்னபடி குனிந்து நிமிர்கிற உடம்புகள், ஒரு நாளாவது தன்னிஷ்டத்துக்கு ஆடட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஆனால் இந்தப் பாட்டு என் வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், மெஷின் சத்தம் வேண்டும் என்று அவன் தன் போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் தங்கச்சி வந்து வாசலில் நின்றாள். பதினான்கு மாதம் கழித்து. தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், அடையாள அட்டையின் சிவப்புக் கயிறு கழுத்தில் கிடந்தது. அம்மாவின் பச்சைச் சேலை இருந்தால் கொடுக்கிறாயா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"அம்மா சாகும்போது எங்கடி போன? இப்ப சேலைக்கு மட்டும் வழி தெரிஞ்சுதா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் உதடு அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் மிதித்தேன். வெறும் ஊசி, துணிகூட வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா மூன்று நாள் கிடந்தாள். கடைசி நாள் காலையிலிருந்து ஒரே கேள்விதான், சின்னவள் வந்துவிட்டாளா என்று. பக்கத்தில் உட்கார்ந்து மூத்திரத் துணி மாற்றிய நான் அவள் கண்ணில் படவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கோபமும் சேர்ந்ததுதான் இது. பத்து முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. மத்தியானம் அம்மா போய்விட்டாள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் தங்கச்சி ஓடிவந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை.

வேனில் பாட்டைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் மூட்டையை டப்பாவின் காலடியில் போட்டேன்.

"உனக்கு வேற குரலே கெடைக்கலையாடா? அது எங்கம்மா சாவு."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். முகம் செத்துப்போயிருந்தது. "முன்னாடி இருந்தத வெட்டிட்டேன் அண்ணி. அது யார் காதுக்கும் போகல. அந்த ரெண்டு வார்த்தை மட்டும்தான். எல்லாரும் லவ் சண்டைன்னு நெனச்சு ஆடறாங்க."

"அழிச்சிடு."

"என்கிட்ட அழிச்சிடலாம். ஊர்ல இருக்கற போன்ல எல்லாம் ஏறிடுச்சே."

தலையில் அடித்துக்கொண்டேன். இவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சத்தம் போட்டவள் நான்தானே. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு "எங்கடி போன"வுக்கும் பிறகு தாளத்தில் நாலு தட்டுக்கு வெறும் மெஷின் மட்டும் ஓடுகிறதே, அது எதற்கு என்று கேட்டேன்.

"அது அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அண்ணி. நாம கேட்டா அவங்க பதில் போடுவாங்க. அதுக்கு எடம் விடணும். எடம் விடாம போட்டா அது பாட்டு இல்ல, வசவு."

ஆடுகிறவர்களுக்கும் அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. நாலு தட்டும் முடியும்வரை இருந்த இருப்பில் நிற்க வேண்டும். அசைந்தால் மானம் கப்பலேறும்படி கூச்சல் போடுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்தில் பாட்டு செய்கிற மொட்டை, பதிலைத் தயார் செய்துவிட்டானாம். "யார் குரல்னு தெரியுமா அண்ணி? உங்க தங்கச்சி. அவங்களே போய்க் கேட்டாங்களாம்."

அன்று முழுக்க நான் கோணலாகத் தைத்த கைப்பிடிகளைப் பிரித்துத் தைக்கவே நேரம் சரியாக இருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அம்மா படுத்த படுக்கையாக என் வீட்டில் கிடந்த அந்த ஒரு வருஷத்தில், பொறுமை போன நாட்களில் நான் அவளிடம் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று தங்கச்சிக்குத் தெரியும். "சீக்கிரம் போய்ச் சேரேன்" என்று ஒரு நாள் சொன்னபோது வாசலில் நின்று கேட்டவள் அவள். அதை நாலு தட்டுக்குள் அடக்கிவிடலாம். ஊரே அதற்கு ஆடும். போகக் கூடாது என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கால் தானாக மைதானத்துக்குப் போய்விட்டது.

வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது, கழுத்தில் அதே சிவப்புக் கயிறு. மொட்டை ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தான். என் மெஷின் ஓடியது. கூட்டம் குதிக்க ஆரம்பித்தது. என் குரல் கேட்டது.

"எங்கடி போன?"

எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"கேட்டப் பூட்டிட்டாங்கக்கா."

மைதானம் சிரித்தது. கைதட்டிக்கொண்டு மறுபடி குதித்தது.

"எங்கடி போன?"

"போனப் புடுங்கி வெச்சுட்டாங்கக்கா."

விசில் பறந்தது. டப்பா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தான்.

"எங்கடி போன?"

"கால்ல விழுந்தேன்க்கா. விடல."

எனக்குத் தெரியாத கதவா அது? ஆறு வருஷம் அதே கம்பெனியில், அதே வரிசையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் நான். சரக்கு ஏற்றுகிற நாளில் காலையிலேயே எல்லாருடைய போனையும் தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடைசி அட்டைப்பெட்டி வண்டியில் ஏறுகிறவரை கேட் திறக்காது. என் மகள் ஜுரத்தில் கிடக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறேன். பக்கத்தில் வந்து நின்று கம்பியை உலுக்கியவள் அவள்தான். பத்து முறை போன் போட்ட எனக்கு ஒரு முறைகூட அந்தக் கேட் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் நான் யாரைத் திட்டுவது?

நாலாவது முறை என் குரல் கேட்டபோது அவள் குரல் வரவில்லை. மெஷின் மட்டும் ஓடியது. அது எங்கள் பக்கத்துக்காக விட்டது. டப்பா போனை என் வாயருகே நீட்டினான். "நம்ம மொறை அண்ணி. ஏதாவது சொல்லுங்க."

அவன் கையைத் தள்ளிவிட்டு நடந்தேன். எல்லாரும் நின்றிருந்ததால் வழி இருந்தது. தூக்கிய கைகளுக்கு அடியில் குனிந்து ஏழெட்டு அடி வைப்பதற்குள் நாலு தட்டும் முடிந்துவிட்டது. கூட்டம் மறுபடி குதித்தது, யாரோ என் காலை மிதித்தார்கள், புழுதி கண்ணை மறைத்தது. இருந்த இடத்திலேயே இடிபட்டுக்கொண்டு நின்றேன். "எங்கடி போன" என்று என் குரல் தலைக்கு மேல் கத்தியது. எல்லாரும் நின்றார்கள். இன்னும் ஏழெட்டு அடி. "அக்கா ஆடறா பார், அவுட்" என்று யாரோ கூச்சல் போட்டார்கள். போடட்டும்.

பாதி தூரம் வந்திருப்பேன். எக்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் அவள் இல்லை, யாரோ சைக்கிளைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தாளம் அடித்தது. நான் காத்திருந்தேன். மறுபடி என் குரல் கேட்டதும் மைதானம் மொத்தமும் கையைத் தூக்கியபடி நின்றது. அத்தனை பேர் நடுவில், ஒரு பத்தடி தள்ளி, ஒரு சிவப்புக் கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.