ஈஸிதான்டி

கணக்கைப் பற்றி வீட்டில் யாரும் கஷ்டம் என்று வாய் திறக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். கணக்கு டீச்சருக்குச் சிரித்த முகம். "ஈஸின்னு சொல்லுங்க. தினம் சொல்லுங்க. பயம் தானா ஓடிடும்" என்றார். சிமெண்டு அரித்த விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் இருந்த சித்தாள் பெரிதாகத் தலையாட்டினாள்.

அவள் கலவைச் சட்டி சுமக்கும் கட்டடத்துக்கு ஒரு இன்ஜினியர் அம்மா வருவாள். தலையில் வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் வரைபடச் சுருள். மேஸ்திரியே எழுந்து நிற்பான். அந்தத் தொப்பிக்குள் தன் மகளின் முகத்தை வைத்துப் பார்ப்பது சித்தாளின் வழக்கம். மகள் பத்தாம் வகுப்பு. பதினொன்றில் கணக்கு உள்ள குரூப்பை எடுப்பதா விடுவதா என்று இந்த வருடம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டால் தொப்பி போச்சு.

அன்று மாலையே ஆரம்பித்துவிட்டாள். மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஈஸிதான்டி. போடு."

"எதும்மா ஈஸி? இந்த எக்ஸ் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல."

"எங்கிருந்து வந்தா என்ன? ஈஸிதான்."

"உங்கம்மாவுக்கு ஈஸின்னா அவளையே போடச் சொல்லு" என்றான் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அப்பன். மூவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு சில வாரம் ஓடியது. அதற்குப் பிறகு மகள் சந்தேகம் கேட்பதை விட்டாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிடுவாள். "முடிச்சுட்டியா?" என்றால் "ம்" என்பாள். மூடின புத்தகத்தைப் பார்த்து முடிந்த கணக்கு என்று நம்பிக்கொண்டு, சித்தாள் நிம்மதியாகச் சோறு பொங்கினாள்.

ஒரு நாள் வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முதல் சட்டியைத் தலையில் ஏற்றியதும் முழங்கால் மடங்கி, கலவை பாதி தரையில் கொட்டியது.

"என்னம்மா, பஞ்சு மூட்டைன்னு நெனச்சியா?" என்றான் கொத்தன்.

"நீ வந்து தூக்கிப் பாருடா, அப்புறம் பேசு" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, சித்தாள் புதியவளின் சும்மாட்டைச் சரிசெய்தாள். "கனம்தான்மா. எனக்கும் முதல்ல கழுத்து ஒடிஞ்சு விழுற மாதிரிதான் இருந்துச்சு. காலை அகட்டி வை. இப்போதைக்கு அரைச்சட்டி போதும். பழகினா நிறைச்சுக்கலாம்."

புதியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் துப்பில்லையோன்னு நெனச்சுட்டேன்க்கா."

சித்தாளுக்குச் சுருக்கென்றது. சட்டியும் கையுமாக அப்படியே நின்றாள். மேஸ்திரி மேலிருந்து கத்தியது காதில் ஏறவில்லை. தலைச்சுமையைப் பஞ்சு என்று சொல்லி ஒருத்தியைக்கூட அவள் ஏமாற்றியதில்லை. பெற்ற மகளிடம் மட்டும் தினம் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும், காலைக்கூடக் கழுவாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னாள்: "கணக்கு கஷ்டம்தான்டி."

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பவில்லை. "இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன்மா. கணக்கு வேணாம்னு. அப்பா கையெழுத்துப் போட்டாரு."

"ஏன்டி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? ஈஸியானதே எனக்கு வரலைன்னா? அப்புறம் என் லட்சணம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். கணக்கு டீச்சர் நாற்காலி மேல் ஏறி, 'கணக்கு இனிக்கும்' என்று எழுதிய அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பேரெல்லாம் மேல ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. இனி மாத்த முடியாது" என்றார். பிறகு கீழே குனிந்து பார்த்து, "நான் சொன்ன மாதிரி வீட்டுல சொன்னீங்களா?"

"தினம் சொன்னேன் டீச்சர்."

"அப்ப உங்க மேல தப்பில்ல. நாம செய்ய வேண்டியதைச் செஞ்சோம். வருத்தப்படாதீங்க." டீச்சர் அதே முகத்தோடு சிரித்தார். "அந்தப் பசையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தாள்.

மதியத்துக்கு மேல் வெள்ளைத் தொப்பி கட்டடத்துக்கு வந்தது. சித்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையில் சட்டி இருந்தது.