கேமராவுக்கு முன்னால் ஓர் அசைவு

வெள்ளைக் காரின் பின்புறத்தில் உள்ளங்கைகளை ஊன்றித் தம் பிடித்துத் தள்ளினார் காவலாளி போங்சிக். தென்கொரியாவின் பூசான் நகரத்து அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்த இடம் போதாது. நிற்கிற கார்களுக்குக் குறுக்கே இன்னொரு வரிசையை நிறுத்தி, கைப்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுவிட்டு மாடியேறிவிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காருக்கு வழிவிடத் தள்ளுவது காவலாளியின் பாடு.

வெள்ளைக் கார் நகர்ந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாக்கின் கறுப்புக் கார் தெரிந்தது. காரின் முன்கண்ணாடியில் மாட்டிய கேமராவைப் பார்க்கக் கடையிலிருந்து வந்த சோல்மின் அதற்குள் உட்கார்ந்திருந்தான். தாக் வெளியே கைப்பேசியோடு நின்றார்.

"வண்டிக்கு முன்னாடி ஏதோ அசையுது, அசையுதுன்னு போன் கத்திக்கிட்டே இருக்கு. கேமரா சும்மா சும்மா படம் புடிச்சு வண்டி பேட்டரியைக் குடிச்சிடுது. காலையில வண்டி செத்துக் கெடக்கு." தாக் போங்சிக் பக்கம் திரும்பினார். "இவருதான் நாள் முழுக்க வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றாரு."

"உங்க வண்டியை நான் தொடவே இல்லீங்க, சார்."

"அதைக் கேமரா சொல்லட்டும், பெரியவரே."

போங்சிக்கின் மூன்று மாத ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்புவதும் தாக் கையில். இந்த வயதில் வேறு எவனும் வேலை தரமாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

சோல்மின் பதிவுகளை ஓட்டிப் பார்த்தான். எதைத் திறந்தாலும் படத்தின் மேல் மூலையில் மஞ்சளாக ஏதோ வந்து வந்து போனது. அவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சார், வண்டியை யாரும் தொடல. எதிர்ல தொங்குதே, அந்தத் துணிதான் பிசாசு. கடல்காத்துல படபடக்குது, ஆள் வர்றான்னு இது முழிச்சுக்குது."

எதிரே இரு கம்பங்களுக்கு நடுவே சங்கம் கட்டிய மஞ்சள் பதாகையின் கீழ்க்கயிறுகள் அறுந்திருந்தன. போங்சிக்குக்கு மனசு லேசானது.

"கேமராவோட உஷாரை ஒரு படி கொறைச்சிடவா?"

"கொறைச்சா திருடனை எப்படிப் புடிக்கும்?"

"அப்ப துணியைக் கழட்டிடுங்க."

"நல்ல குடியிருப்புன்னு நாளைக்குப் பரிசு குடுக்க வர்றாங்கப்பா. அதைப் பாத்துத்தான் பரிசே."

பேசிக்கொண்டே தாக் கைப்பேசியில் பதிவுகளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு படத்தில் விரல் நின்றது. பதாகை ஆடியதில் விழித்துக்கொண்ட கேமரா, கீழே நடைபாதை விளிம்பில் ஷூவைக் கழற்றிவிட்டு கிம்பாப் சோற்றுருளை தின்றுகொண்டிருந்த போங்சிக்கையும் பிடித்திருந்தது.

"இது என்ன?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரங்க. என் ரூம்ல குடியிருக்கறவங்க பார்சல் அடைச்சுக் கெடக்கு, உக்கார எடமில்ல. அதான்..."

"வர்றவன் போறவன் பார்க்க, காலை நீட்டிக்கிட்டு! வெள்ளிக்கிழமை சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பும்."

"சார், அது கேமரா தப்பா எடுத்த பதிவு. அழிச்சிடலாமே," என்றான் சோல்மின்.

"தப்பா? இருக்கிறதுலயே இது ஒண்ணைத்தான் சரியாப் புடிச்சிருக்கு."

வாயைத் திறந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுவார் என்று போங்சிக் பயந்தார்.

"கயிறு வர்ற வரைக்கும் அந்தத் துணியைப் புடிச்சுக்கும். கேமரா அடங்குதான்னு பாப்போம். ஆடாம நில்லும்," என்றார் தாக்.

போங்சிக் போய்க் கைகளைத் தூக்கிப் பதாகையின் கீழ்விளிம்பை இழுத்துப் பிடித்தார். காற்று பலமாக வீசியது. தாக்கின் கைப்பேசி கத்தவே இல்லை. போங்சிக்கின் தலைக்கு மேலே துணி விறைத்து நின்றதில், எழுத்துகள் இப்போது சுருக்கமில்லாமல் தெரிந்தன: "நம் காவலாளிகளும் நம் குடும்பமே."