வரப்போடு நின்ற வெளிச்சம்

அந்தக் கார்த்திகை மாத அந்தியில் மில்காரர் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மில்காரர் சென்னகிருஷ்ணன், அவர் மனைவி ராமாமணி, மகன் ஸ்ரீனிவாஸ், காவல்காரர் மாசாணம், பக்கத்துக் காட்டில் செவ்வந்தி போட்டிருந்த ரசாக். இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள். சென்னகிருஷ்ணன் தலையசைத்தார். மாசாணம் சுவிட்சை இறக்கினார். விளக்குகள் அணைந்தன. வெளிச்சம் அணையவில்லை. வீடு, வாசல், மதில், மதிலுக்கு அப்பால் ரசாக்கின் காடு, எல்லாம் பகல் மூன்று மணி போல வெளுத்துக் கிடந்தன. மாசாணம் கம்பத்தில் ஏறித் தொட்டுப் பார்த்துவிட்டு, “பல்பு சில்லுன்னு இருக்குதுங்க மொதலாளி” என்றார்.

அந்த விளக்குகள் வந்த விதத்தில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனி மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில், உறவுக்காரர் நரசிம்மலு எதிர் வரிசையிலிருந்து உரக்கக் கேட்டார்: “ஏனுங்க மாமா, மில்லுல சங்கு ஊதறதில்லையாமா? ஊட்டுல வெளக்காச்சும் எரியுதுங்களா?” பந்தியே வாயில் சோற்றோடு சிரித்தது. நான்கு தலைமுறைக்கு முன் தெலுங்குச் சீமையிலிருந்து வந்து, கரிசலில் கிணறு வெட்டிப் பருத்தி போட்டு, பருத்தியை மில்லாக்கிய குடும்பம் அது. சென்னகிருஷ்ணன் பாதி இலையில் எழுந்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் கிணத்துக்கடவு ரோட்டோரத்தில் இருந்த அவர் வீட்டின் நான்கு மூலையிலும் தென்னை உயரத்துக்குக் கம்பங்கள் நின்றன. கிரிக்கெட் மைதானத்துக்குப் போடும் விளக்குகள் அவற்றில் பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை எரிந்தன. மதுக்கரையிலிருந்து சிமெண்ட் ஏற்றி வரும் லாரிக்காரர்கள் அதை வைத்து வழி சொன்னார்கள். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், மதிலோரம் கூண்டுகளை வைத்துக்கொண்டால் முட்டை கூடும் என்று அனுமதி கேட்டு வந்தார். ஸ்ரீனிவாஸ் அவரை விரட்டிவிட்டார்.

ரசாக் கோட்டைமேட்டுக்காரர். பூ மார்க்கெட்டில் தகப்பன் காலத்திலிருந்து பிறர் விளைவித்த பூவையே விற்று அலுத்து, முதன்முறையாகச் சொந்தப் பூ பார்க்க வேண்டும் என்று அந்தக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். இந்த வெள்ளாமை போனால் குத்தகை போகும். திரும்பக் கூடை தூக்க வேண்டியதுதான். ஆடியில் நட்டார், கொழுந்து கிள்ளினார், புரட்டாசி முடிந்தும் ஒரு மொட்டு இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார்: “ஏனுங்கய்யா, கோவிச்சுக்காதீங்க. செவ்வந்திக்கு ராத்திரி நீளோணுமுங்க. இருட்டு கொறைஞ்சா இன்னும் கோடைதான்னு நெனச்சுட்டுத் தழையா உட்டுட்டே இருக்கும். எங்காட்டுப் பக்கத்து வெளக்கை மட்டும் பொழுதோட அமத்திப்போட்டீங்கன்னா…”

“பயிருக்கு வெளிச்சம் ஆகாதுன்னு சொன்ன மொத ஆளு நீதானப்பா. வெளிச்சத்துக்கு வேலி போட முடியுமா? போ, போ, எருவு போடு” என்றார் சென்னகிருஷ்ணன்.

அவருக்குத் தெரியும். அவர் தகப்பனார் அதே காட்டில் செவ்வந்தி போட்டவர். மோட்டார் ரூம் பல்பு எரிந்த பக்கம் மட்டும் செடிகள் மொட்டு வைக்காமல் தழைத்து நின்றதை அவர் சிறு வயதில் தம் கண்ணால் கண்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் எருவு போடச் சொன்னார்.

வானம் தன் கடமையில் குறை வைக்கவில்லை. ஐப்பசியில் மழை பெய்தது, பிறகு பனி இறங்கியது, ஊர்க் காடுகளில் எல்லாம் அவரை பூத்தது. ரசாக்கின் செவ்வந்தி மட்டும் இடுப்புக்கு வளர்ந்து, மார்புக்கு வளர்ந்து, ஆள் மறையும் உயரத்துக்குப் போய், மணிக்கட்டு கனத்தில் தண்டு விட்டு, மதிலைத் தாண்டிச் சென்னகிருஷ்ணனின் ஜன்னல்களுக்குள் தழையை நீட்டியது. பஸ்ஸில் போகிறவர்கள் கை நீட்டிக் காட்டத் தொடங்கினார்கள். அதற்காகத்தான் கார்த்திகையில் விளக்குகளை அணைக்கச் சொன்னார், ரசாக்குக்காக அல்ல. கம்பங்களைப் பிடுங்கியபிறகும் வெளிச்சம் அங்கேயே இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது, பூட்டிய பீரோவுக்குள் இருந்தது, மூடிய இமைக்குள்ளும் இருந்தது. முகத்தை மறைத்துக்கொள்ளக் கையகல இருட்டு அந்த வீட்டில் கிடைக்கவில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்று வைத்த வெளிச்சம், ஊர் பார்த்தது.

ரசாக்கிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் பதில், மார்க்கெட்டிலிருந்து ஒரு வண்டி செவ்வந்தி வரவழைத்து, விடிவதற்குள் செடிக்குச் செடி வாழைநாரால் கட்டும்படி மாசாணத்திடம் சொன்னார். ரோட்டிலிருந்து பார்க்கக் காடு பூத்தது போலத்தான் இருந்தது. ரசாக் வந்து ஒரு பூவைப் புரட்டிப் பார்த்தார். “பொணத்துக்குச் சாத்துன மாதிரி இருக்குதுங்கய்யா. இதுல பாதி எங்க மாமன் கடைப் பூவுங்க” என்றார். மதியத்துக்குள் அத்தனையும் தொங்கிவிட்டன. ராமாமணி கணவரைக் கடிந்துகொள்வதென்றால் வேலைக்காரர்களுக்குப் புரியாதபடி தெலுங்கில்தான் கடிந்துகொள்வார். அன்று மாசாணம் பக்கத்தில் நிற்கும்போதே தமிழில் கேட்டார்: “ஏனுங்க, ஒரு வார்த்தைக்குப் பதிலா ஒரு வண்டிப் பூ வாங்குவாங்களா? நரசிம்மலு சிரிச்சது பெருசா, அந்தப் பையன் வயித்துல அடிச்சது பெருசா?”

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், பஸ்கள் போய்க்கொண்டிருக்கும்போதே, சென்னகிருஷ்ணன் செருப்பைக் கேட்டில் விட்டார். சாமி முன்னால் தவிர எங்கும் இறக்காத தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வரப்பு வரைக்கும் நடந்தார். அந்த வெளிச்சத்தில் அவருக்கு நிழல்கூட இல்லை, துணைக்கு. “ரசாக்கு, தெரியாம செய்யலப்பா. செடி பூக்காதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னை மன்னிச்சுப்போடு.”

ரசாக் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். “தெரியுமுங்க. உங்கப்பாரு செவ்வந்தி போட்ட கதையை மாசாணண்ணன் அப்பவே சொல்லிப்போட்டாரு. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்” என்றார். பிறகு, “செருப்பைப் போட்டுட்டு வந்திருக்கலாமுங்க. நெருஞ்சி கெடக்குது.” மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

அப்போது காட்டின் தொலைக் கோடியிலிருந்து வெளிச்சம் பின்வாங்கத் தொடங்கியது. பாய்ச்சிய தண்ணீரை மண் குடிப்பதுபோல வரிசை வரிசையாக இருட்டு வந்து, வரப்பில், சென்னகிருஷ்ணனின் கால் பெருவிரலுக்கு முன்னால் நின்றுகொண்டது. அந்தப் பக்கம் இரவு, இந்தப் பக்கம் பகல். வெளிச்சத்துக்கு வேலி போட முடியும் என்று தெரிந்தது. பொங்கலுக்குப் பூ கிடைக்கவில்லை. தை கடைசியில் மொட்டு வைத்து, சிவராத்திரிக்குக் காடு முழுக்க மஞ்சளாக நின்றது. ரசாக் குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். மதிலுக்கு உள்ளே ராமாமணி வைத்த அவரைக்கொடி மாடி வரைக்கும் ஏறியிருக்கிறது, பூ கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ரசாக் கொடுத்தனுப்பும் செவ்வந்தியை அவர் சாமி படத்துக்குப் போடுகிறார். சென்னகிருஷ்ணன் வாசலில் நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்; முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அவர் மன்னிப்புக் கேட்ட அன்றே அவர் வீட்டுக்கும் இருட்டு வந்துவிட்டது என்று பொள்ளாச்சிப் பக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். வரவில்லை.