வாயில் கவ்விய பறி

இறால் தடவும் பெண்களுக்குக் கடலோர உப்பேரியில் இரண்டு கையும் சேற்றுக்குள்தான். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அதனால் தண்ணீருக்குள் யாரும் யாரையும் ஏச முடியாது.

கரையேறியதும் இருசம்மாள் ஆரம்பித்துவிடுவாள். "இன்னாடி பூனைக்கண்ணி, உங்க நைனா எந்தக் கப்பல்ல வந்தான்?" கூட்டம் சிரிக்கும். இருசம்மாளின் அண்ணனை அடிமையாகப் பிடித்துக் கப்பலேற்றியவர்கள், கோட்டையிலிருந்த வெள்ளைக்கார ஒல்லாந்தர்கள். கோட்டையைத் திட்டினால் தோலை உரிப்பார்கள்; சாம்பல் கண்ணுள்ள கன்னியம்மாளைத் திட்டினால் யார் கேட்பது? கன்னியம்மாளோ பதில் சொல்லாமலிருக்க, வீடு சேரும்வரை பறியைக் கவ்வியபடியே நடப்பாள்.

அன்று திருக்கை மீனின் முள் குதிகாலில் ஏறி, கழுத்து நனையக் குந்தியிருந்த இருசம்மாள் தண்ணீருக்குள் சாய்ந்தாள். வலியில் பல் கிட்டிப்போய், பறியை விட்டுக் கத்தக்கூட முடியவில்லை.

"அய்யோ, இருசைப் புடிங்கடி!"

கத்தியது கன்னியம்மாள். வாயைத் திறந்ததும் அவள் பறி அத்தனை இறாலோடும் நீரோடு போனது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இருசம்மாளை இழுத்துத் தோளில் சாய்த்துக் கரை சேர்த்தாள்.

"பூனைக்கண்ணி பறியைத் தொலைச்சிட்டா!" என்று ஒருத்தி இளித்தாள்.

பல்லிலிருந்த தன் பறியைப் பிடுங்கிய இருசம்மாள், "மூடுடி வாயை!" என்று அதட்டி, அதைக் கன்னியம்மாளிடம் நீட்டினாள்.

வாங்கியவள் அதைப் பல்லில் கவ்வவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்: "ரொம்ப வலிக்குதா, இருசு?"